பழைய மீன்பிடிப் படகின் தளமும் பெட்டிகளும்: பிரித்துக் கட்டும் வேலை

ஃபைபர் படகின் தளம் மெத்தென்று அமுங்க ஆரம்பித்தால், அமுங்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுப்போடுவதுதான் முதலில் தோன்றும். அந்த ஒட்டு அதிக நாள் நிற்காது. தண்ணீர் புகுந்த இடம் ஒன்று, பலகை மக்கிய இடம் இன்னொன்று என்பதே காரணம். ஐஸ் பெட்டி மூடியின் கீல் ஸ்குரு வழியாக இறங்கிய மழைநீர் பிளைவுட் அடுக்குகளின் இழையோடு நகர்ந்து, அரை மீட்டர் தள்ளி, காற்றோட்டமில்லாத ஒரு மூலையில் தங்கி அங்கே மரத்தைத் தின்றுகொண்டிருக்கும். மக்கியதை மாற்றிவிட்டுக் கீலை அப்படியே விட்டால் அதே கதை திரும்பவும் நடக்கும். மழைநீர் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. உப்பு, பூஞ்சையை ஓரளவு தடுக்கிறது. நல்ல தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. கடலில் ஓடும் படகைவிடக் கரையில் மூடாமல் கிடக்கும் படகில் தளம் சீக்கிரம் போவதை இதனால்தான் பார்க்கிறோம்.

தளத்தில் உள்ள பெரிய திறப்புகள் எல்லாம் பெட்டிகளுக்காக வெட்டப்பட்டவை. அதனால் தளமும் பெட்டிகளும் ஒரே வேலை. இங்கே சொல்வது 5 முதல் 7 மீட்டர் வரையுள்ள, பிளைவுட் மேல் கண்ணாடி நார் போட்ட தளமுள்ள ஃபைபர் படகுக்கு. அலுமினியப் படகுக்குப் பல விஷயங்கள் மாறும். ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம்: பூச்சி வராமல் இருக்கத் தாமிர உப்பு ஏற்றிய பிளைவுட்டை அலுமினியத்தின் மேல் போடவே கூடாது. ஈரம் பட்டால் தாமிரம் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போட்டுவிடும்.

எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது

பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கூர்மையாக ஒலிக்கும்; மக்கிய இடமும் ஒட்டு விட்டுப்போன இடமும் ‘தொப்’பென்று மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். பிறகு அந்த எல்லைக்கு வெளியே, நல்லது என்று தோன்றும் பக்கத்தில், 4 மி.மீ. துரப்பணத்தால் சோதனைத் துளை போடுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, ஈரமாக, பிசைந்த மாவுபோல் வந்தால் எல்லையை இன்னும் தள்ளிப் போடவேண்டும். ஈரமானியை மட்டும் நம்பவேண்டாம். அடியில் நிற்கும் தண்ணீரும் மேலே உள்ள பெயின்டும் அதன் அளவைக் குழப்பும்.

தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிஞ்சர் கட்டைகளையும் இதே துரப்பணத்தால் சோதிக்கவேண்டும். மேல் விளிம்பில் துளைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஓட்டிலிருந்து (படகின் வெளிக்கூட்டிலிருந்து) இரண்டு விரல் உயரத்தில், பக்கவாட்டில் துளையுங்கள். கட்டை கீழிருந்துதான் மக்கும்.

வெட்டுவதற்கு முன்

தளம் படகின் மூடி மட்டுமன்று. அது இரண்டு பக்க ஓடுகளையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்ததும் ஓடு தன் எடையிலேயே தொய்யும், முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் புதுத் தளத்தை ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். டிரெய்லரின் இரண்டு உருளைகளில் நிற்கவைத்துத் தளத்தை வெட்டுவது பெரிய தவறு. ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு) அடியில் குறைந்தது மூன்று இடத்திலும், பக்கங்களில் ஸ்டிரிஞ்சருக்கு நேர் கீழே நீளமான கட்டைகளிலும் தாங்கு கொடுத்து, அணியத்திலும் (முன்முனை) கடைசியிலும் (பின்முனை) ரசமட்டம் வைத்துச் சமன் பாருங்கள். உட்புற அகலத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்து எழுதிவைத்து, அதே அளவில் குறுக்குச் சட்டங்களை விளிம்போடு விளிம்பு இறுக்கிவிட்டால் படகு அசையாது.

தளத்தின் உயரத்தையும் முன்கூட்டியே ஓட்டின் உட்புறம் கோடாகப் போட்டுவிடவேண்டும். தளத்தில் விழும் தண்ணீர் தானாக வெளியே ஓடும் அமைப்பு இருந்தால், முழுச் சுமையோடு படகு மிதக்கும்போது தளம் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கவேண்டும். பழைய படகுகளில் இஞ்சின் மாற்றி, பேட்டரி கூட்டி, அது ஏற்கெனவே கீழிறங்கியிருக்கக்கூடும். தளத்தை 20 மி.மீ. உயர்த்த வேண்டுமா என்று முடிவெடுக்கும் நேரம் இதுதான். அதற்கு மேல் உயர்த்தினால் ஆளும் மீனும் நிற்கும் உயரம் கூடிப் படகு ஆட்டம் போடும்.

வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் தடிமனுக்கு மட்டும் வையுங்கள். சோதனைத் துளையில் ஒரு கொக்கி விட்டு அளந்துகொள்ளலாம். அடியில் டீசல் குழாயோ வயரோ பெட்ரோல் டேங்கோ இருக்கும். டேங்கை முதலில் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி, உள்ளே காற்றோட்டம் கொடுத்த பிறகே மின்கருவியைத் தொடவேண்டும். ஓட்டின் பக்கத்தில் 40 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டிவிட்டு, பிறகு அந்த விளிம்பைக் கிரைண்டரில் 40 நம்பர் டிஸ்க் போட்டு அரைத்தெடுப்பது பாதுகாப்பானது. நேராக ஓட்டை ஒட்டி வெட்டப் போனால் ஓட்டிலேயே கீறல் விழும். பழைய தளத்தை முடிந்தவரை பெரிய துண்டுகளாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கிழிந்திருந்தாலும் அதுதான் புதுப் பலகைக்கு மாதிரி.

கண்ணாடித் தூளுக்குத் துணி முகக்கவசம் போதாது. துகள் வடிகட்டியுள்ள ரப்பர் முகமூடி, மூடிய கண்ணாடி, முழுக்கை உடை மூன்றும் வேண்டும்.

திறந்த பிறகு கிடைப்பவை

மிதவைக்காக ஊற்றிய மஞ்சள் ஃபோம் அனேகமாக நீர் குடித்திருக்கும். சந்தேகம் இருந்தால் 10 செ.மீ. கனசதுரமாக ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். வழக்கமான, கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமாக இருந்தால் அது சுமார் 32 கிராம் இருக்கவேண்டும். 200 கிராம் காட்டினால் மீதி தண்ணீர். அந்தக் கணக்கில் 300 லிட்டர் ஃபோம் 50 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கிறது. காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேண்டாம். உடைந்த செல்கள் மறுபடியும் குடிக்கும்.

புது ஃபோம் போடும்போது ஏராவை ஒட்டி, அணியத்திலிருந்து கடைசி வரை, ஒரு வடிகால் பாதையை விட்டேயாகவேண்டும். பாதி வெட்டிய பி.வி.சி. குழாயைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஊற்றினால் போதும். 100 லிட்டர் ஃபோம் ஏறத்தாழ 95 கிலோவை மிதக்கவைக்கும். அதற்கு, கலந்ததும் ஃபோமாக எழும்பும் இரண்டு திரவமும் சேர்த்து 3.2 கிலோ தேவை. ஒரே வீச்சில் ஊற்றாதீர்கள். அரை கிலோ, ஒரு கிலோ என்று கலக்கி, ஒன்று எழும்பி நின்ற பிறகு அடுத்ததை ஊற்றவேண்டும். மொத்தமாக ஊற்றினால் நடுவில் சூடேறிக் கருகும். மூடிய அறையாக இருந்தால் தளத்தையே மேலே தள்ளிவிடும்.

ஸ்டிரிஞ்சர் மக்கியிருந்தால் ஒரு பக்கம் முடித்துவிட்டே மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஓட்டைப் பிடிக்க ஆளில்லை. பழைய கட்டையின் ஒரு பக்கத்துக் கண்ணாடி நார்ச் சுவரை விட்டுவைத்தால் உயரமும் வரிசையும் கெடாது.

டேங்கின் ஹோஸ், கிளிப், வயர்கள் எல்லாவற்றையும் இப்போதே மாற்றுவது நல்லது, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். வயர் போகும் பாதைக்கு 40 மி.மீ. குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிறை விட்டுவையுங்கள். டேங்கின் அளவுமானிக்கும் ஹோஸ் இணைப்புக்கும் நேர் மேலே ஒரு சோதனை மூடி கட்டாயம். அது இல்லாத படகுகளில்தான் ஒரு கிளிப்பை இறுக்கத் தளத்தை வெட்டுகிறார்கள்.

எந்த ரெசின், எந்த வரிசையில்

கண்ணாடி நாரில் ஊறி இறுகும் ரெசினில், தளத்துக்கு எபாக்ஸி, பெட்டிகளுக்கு பாலியெஸ்டர். இப்படிப் பிரிப்பதுதான் செலவுக்கும் உழைப்புக்கும் பொருந்தி வருகிறது. மரத்தைப் பிடிப்பதில் பாலியெஸ்டர் பலவீனமானது. ஈரம் ஏறி இறங்கினால் தோலாக உரிந்துவரும். எபாக்ஸி மரத்தையும் பிடிக்கும், பழைய பாலியெஸ்டரையும் பிடிக்கும். ஆனால் காய்ந்த எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் ஒழுங்காக ஒட்டாது. ஆகவே பெட்டிகளை முதலில் வெளியே அச்சில் செய்து முடித்து, பிறகு எபாக்ஸியால் தளத்தில் உட்காரவைக்க வேண்டும். தளம் முடிந்த பிறகு அதன் மேல் பாலியெஸ்டரில் பெட்டி கட்டுவது வரிசை மாறிய வேலை.

பிளைவுட் பிஎஸ் 1088 (கடல் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) தரத்தில் இருக்கட்டும். ஸ்டிரிஞ்சர் இடைவெளி 400 மி.மீ. வரை என்றால் 12 மி.மீ. பலகையும் மேலே கண்ணாடி நாரும் போதும். அதற்கு மேல் போனால் 18 மி.மீ.க்குத் தாவுவதைவிட நடுவில் ஒரு குறுக்குக் கட்டை போடுவது எடைக்கு நல்லது. 6 சதுர மீட்டர் தளத்துக்கு 8 அடிக்கு 4 அடி பலகை கணக்கில் இரண்டு போதும் என்று வரும். வளைவும் சேதாரமும் சேர்த்து மூன்று வாங்கவேண்டும்.

எபாக்ஸிக் கணக்கு இப்படி: இருபுறமும் இரண்டு கை பூச்சுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம், அடிப்புறம் 300 கிராம் துணிக்கு 350 கிராம், மேலே 600 கிராம் குறுக்கிழைத் துணிக்கு 700 கிராம், நெசவை மூடும் கடைசிப் பூச்சுக்கு 300 கிராம். ஆக 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 6 சதுர மீட்டருக்கு 12 கிலோ. மூலைப் பட்டியும் (மூலையை வளைவாக நிரப்பும் கெட்டி எபாக்ஸி) ஓரப் பட்டைகளும் சேதாரமும் சேர்த்து 18 முதல் 20 கிலோ. சாதாரண மேட்டை (நறுக்கிய கண்ணாடி நாரைப் பசையால் சேர்த்த பாய்) எபாக்ஸியோடு பயன்படுத்தாதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் அது விறைத்துக்கொண்டு மூலையில் மடங்காது.

ஹார்ட்னர் விகிதம் விஷயத்தில் இரண்டு ரெசினும் எதிரெதிர். பாலியெஸ்டரில் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட்டை எடையில் 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்ஸியில் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை அப்படியே வைக்கவேண்டும். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கடைசிவரை ரப்பராகவே நிற்கும். இன்னொன்று, கேட்டலிஸ்ட்டும் கோபால்ட் ஆக்சலரேட்டரும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஆக்சலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டு புட்டியையும் ஒரே தட்டில் வைக்கும் பழக்கமே வேண்டாம்.

பலகை இறங்கும் வேலை

பலகைகளை உலர்ந்த நிலையில் பொருத்திப் பார்க்கும்போதே பெட்டித் திறப்புகளை வெட்டிவிடுங்கள். இரு பலகைகள் சேரும் கோடு ஸ்டிரிஞ்சரின் மேல் விழவேண்டும்; முடியாவிட்டால் அடியில் 100 மி.மீ. அகலப் பட்டை கொடுக்கவேண்டும். ஓட்டின் பக்கத்தில் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். பலகை ஓட்டை நேராக முட்டினால், அலையில் ஓடு அசையும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டில் அழுத்தம் விழுந்து, வெளியே ஜெல்கோட்டில் (ஓட்டின் மேல்தோலான ரெசின் பூச்சில்) மயிரிழை விரிசலாகத் தெரியும்.

முதல் பூச்சை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் பூசினால் வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ரெசின் வழியே குமிழாக வெளியேறும். ஒவ்வொரு குமிழும் பின்னால் ஒரு ஊசித்துளை. வெப்பம் இறங்கும்போது காற்று சுருங்கி, ரெசினை உள்ளே இழுக்கும். வெட்டுவிளிம்புகளுக்கு மட்டும் மூன்று நான்கு கை தேவைப்படும். இழைமுனை மூடும் வரை குடித்துக்கொண்டே இருக்கும். நன்றாக ஊறட்டும் என்று எபாக்ஸியில் தின்னர் ஊற்றுகிறார்கள். தின்னர் ஆவியாகிப்போன பிறகு மிஞ்சுவது நுண்துளை நிறைந்த பூச்சு. அது தண்ணீரைத் தடுக்காது.

அடிப்புறத் துணி காய்ந்ததும், ஸ்டிரிஞ்சர் தலைகளில் சிலிகா சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்ஸியைத் தாராளமாக வைத்துப் பலகையை இறக்குங்கள். இருபுறமும் பசை பிதுங்கினால்தான் இடைவெளி இல்லை என்று அர்த்தம். மணல் மூட்டை வைத்து அழுத்தினால் ஸ்குருவே தேவைப்படாது. போட்டாலும் மறுநாள் எடுத்துத் துளையை அடைத்துவிடலாம். பிறகு ஓட்டோடு சேரும் மூலையில் 12 மி.மீ. ஆரத்தில் பட்டி வைத்து, அது முழுதும் இறுகுமுன் 100 மி.மீ. பட்டையும் அதன் மேல் 150 மி.மீ. பட்டையும். பட்டை ஏறும் ஓட்டுப்பகுதியை முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டு அதன் பிறகே தேய்க்கவேண்டும். முதலில் தேய்த்தால் மெழுகும் எண்ணெயும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டு விட்டுப்போகும் தளங்களில் பெரும்பாலும் இந்த ஒரு படிதான் தவறியிருக்கும்.

எபாக்ஸி காய்ந்ததும் மேலே எண்ணெய்ப் பிசுக்குப்போல் ஒன்று படியலாம். தண்ணீரும் நாரும் வைத்துக் கழுவிவிட்டு உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு உரியும்.

ஐஸ் பெட்டி

உள்ளளவு 100 × 60 × 60 செ.மீ. என்றால் 360 லிட்டர். சுவர், அடி, மூடி சேர்த்துச் சுமார் 3 சதுர மீட்டர். வெளியே 30, உள்ளே 0 டிகிரி என்று வைத்து, 50 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம் போட்டால் 45 வாட் வெப்பம் உள்ளே கசியும். ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 12 கிலோ ஐஸ் அதற்கே போகும். 75 மி.மீ. போட்டால் 8 கிலோ. 100 மி.மீ. போட்டால் 6 கிலோ. 50லிருந்து 75க்குப் போவதில் நல்ல லாபம். அதற்கு மேல் போனால் இடம்தான் குறைகிறது. மூடி பிடிக்காமல் காற்று ஒழுகினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. நிரம்பிய பெட்டி 300 கிலோவை நெருங்கும் என்பதால், அதைக் கடைசியில் இஞ்சினுக்குப் பக்கத்தில் தள்ளாமல் படகின் நடுவுக்குக் கிட்டே வைக்கவேண்டும்.

அச்சு மைக்கா ஒட்டிய பலகையில் செய்த தலைகீழ்ப் பெட்டி. பக்கங்கள் அடிநோக்கி ஒவ்வொரு புறமும் 20 மி.மீ. குறுகட்டும், இல்லாவிட்டால் கழன்று வராது. விளிம்புகளை 20 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள், கூர்மூலையில் செதிலும் ரத்தமும் தங்கும், மேட்டும் படியாமல் காற்றுக்குமிழ் விழும். மெழுகு நான்கைந்து கை, பிறகு ஜெல்கோட் அரை மி.மீ. கனத்தில், பிறகு 450 கிராம் மேட் மூன்று அடுக்கு. அடிப்பகுதிக்கு ஒன்று கூடுதல். ஒவ்வொரு அடுக்கும் ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் தரும்; ஒரு சதுர மீட்டர் மேட் 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ரெசின் குடிக்கும். மேல் விளிம்பில் 50 மி.மீ. மடிப்பு விட்டுக்கொள்ளுங்கள். தளத்தில் உட்காருவது அதுதான்.

வெளிப்புறம் ஃபோம் தகடு ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. தெர்மாகோல், எக்ஸ்.பி.எஸ். இரண்டுமே பாலிஸ்டைரீன்; பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்து குழியாகிவிடும். அவற்றுக்கு எபாக்ஸி, இல்லாவிட்டால் பாலியூரித்தேன் தகடு. தகட்டின் மேல் மெல்லிய கண்ணாடித் தோல் ஒன்று போட்டு மூடினால் ஈரம் ஏறாது.

வடிகால் கடைசிப் பக்க மூலையில், அடி 1 சதவீதம் சரிவோடு. அந்தத் தண்ணீரைப் பில்ஜில் (தளத்துக்கு அடியில் தண்ணீர் சேரும் குழியில்) விடாதீர்கள். மீன் கசடு பம்பை அடைக்கும், நாற்றமும் போகாது. உருகிய நீர் பெட்டிக்குள் தேங்கிப் புரண்டால் படகின் நிலைப்பும் குறையும்.

கருவிப் பெட்டி, தூண்டில் பெட்டிக்கு இவ்வளவு தேவையில்லை. மேட் இரண்டு அடுக்கும் அடியில் ஒரு வடிகாலும் போதும். பேட்டரிப் பெட்டிக்கு வாயு வெளியேற மேலே துவாரமும், பேட்டரியை இழுத்துக் கட்டும் பட்டையும் முக்கியம்.

மூடிகளும் வடிகால் வாய்க்காலும்

எந்த ரப்பரும் சில வருடங்களில் தட்டையாகிவிடும். அதனால் மூடியை ரப்பர் காப்பாற்றும் என்று நம்பி அமைக்காமல், தண்ணீர் புகும், புகுந்தால் எங்கே போகும் என்று யோசித்து அமைக்கவேண்டும். திறப்பைச் சுற்றி 25 மி.மீ. அகலத்தில் வாய்க்கால், அதன் உட்சுவர் பெட்டியின் வாயாக வாய்க்காலின் அடியிலிருந்து 20 மி.மீ. எழும்பி நிற்கும், ரப்பர் அந்தச் சுவரின் மேல் உட்காரும். வாய்க்காலில் கடைசிப் பக்கத்து இரு மூலைகளிலும் துவாரம், 20 மி.மீ.க்குக் குறையாத ஹோஸ், வெளியே வடிய வழி. ஒரே துவாரமாக இருந்தால் ஒரு செதில் போதும் அடைக்க.

மூடியின் தடிமன் 15 மி.மீ., ரப்பர் 10 மி.மீ. என்றால், ரப்பர் 7 மி.மீ.க்கு அமுங்கும் என்று கொண்டு, உட்சுவரின் தலை தளமட்டத்திலிருந்து 22 மி.மீ. கீழே இருக்கவேண்டும். மூடியைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளி, பெயின்ட் அடித்த பிறகு. மூடிக்கு இருபுறமும் ஒரே அளவு துணி போடுங்கள். மேலே மட்டும் போட்டால் வளைந்துகொள்ளும். 500 மி.மீ.க்கு மேல் அகலமான மூடிக்கு அடியில் ஒரு விலா தேவை, ஏனென்றால் யாராவது ஒருவர் அதன் மேல் ஏறி நிற்கத்தான் போகிறார். மூடியைத் திறந்தபடி தாங்கும் கேஸ் ஸ்டிரட் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஒரு துண்டுக் கயிறு அதே வேலையைச் செய்யும்.

கீல்கள் 316 ஸ்டெயின்லெஸ். 6 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 12 மி.மீ. துளை போட்டு, கெட்டியான எபாக்ஸியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் 6 மி.மீ. துளையுங்கள். இனி சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மேலே துளையின் வாயைக் கொஞ்சம் சரித்துவிட்டால் சீலன்ட் அங்கே ஒரு வளையமாகத் தங்கும். முதலில் கைமுறுக்கு, சீலன்ட் இறுகிய பிறகு கடைசி முறுக்கு. அதுவும் நட்டைத் திருகி, போல்ட்டைத் திருப்பாமல்.

மேல்பூச்சு இரண்டு கலவைப் பாலியூரித்தேன் பெயின்ட், வெளிர் நிறம். எபாக்ஸியை வெயிலில் அப்படியே விட்டால் சுண்ணாம்பாக உதிரும். ஸ்பிரே செய்யாமல் ரோலரில் அடியுங்கள். அந்தப் பெயின்டின் தூவானம் நுரையீரலுக்கு ஆபத்து. கால் வழுக்காமல் இருக்க, ஈரப் பெயின்டின் மேல் சலித்த மணலை முழுதும் மூடும்வரை தூவி, காய்ந்ததும் உதிரியைக் கூட்டியெடுத்து, இரண்டு கை மேலே. கார்ப்பெட் வேண்டாம், அது ஈரத்தைத் தளத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது.

மூடிகளைச் சோதிக்க, வாயின் உட்சுவர்த் தலையில் சாக்பீஸ் தேய்த்து மூடிப் பூட்டித் திறங்கள். ரப்பரில் சாக்பீஸ் படாத இடம் எதுவோ அங்கே அழுத்தம் இல்லை. ரப்பருக்கு அடியில் மெல்லிய பட்டை கொடுத்து உயர்த்துங்கள். அடுத்து பெட்டிக்குள் காகிதம் விரித்து, ஹோஸ் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீல் பக்கம் நனைந்திருந்தால் வெளியே சீலன்ட்டைத் தடவி மூடாதீர்கள். கீலைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, முதலிலிருந்து உட்காரவைக்க வேண்டும்.